பாவித்த கொம்பெக்டர்: வாங்குமுன் அடியைப் பாருங்கள்

நிந்தவூரில் இப்போது புதுவீடு கட்டுகிறவர்களில் முற்றத்தை வெறும் மணலாக விடுகிறவர் குறைவு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கல்யாணம் முடித்து வைக்கிற வழக்கம் உள்ள பகுதி இது. வீட்டு வேலை முடிகிறபோது வாசல் கேற்றிலிருந்து படி வரைக்குமாவது இன்டர்லொக் கல் பதித்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நிற்கிறார். பெருநாள் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, அந்தப் பக்கம் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க இதே நிலைதான். இதனால் கல் வார்க்கிறவர், கல் பதிக்கிறவர், மணலும் சல்லியும் ஏற்றுகிறவர் என்று பலருக்குத் தொழில் உண்டாகியிருக்கிறது.

ஆனால் ஒரு மாரி முடிந்ததும் வருகிற முறைப்பாடும் அதே அளவுக்கு இருக்கிறது. கார் ஏறி இறங்குகிற இரண்டு கோட்டிலும் கல் தாழ்ந்துவிடும். மதில் ஓரம் குழிவிழும். மழைநீர் வாசலுக்கு ஓடிவரும். வீட்டுக்காரர் கல் சரியில்லை என்று கல் வார்த்தவரை ஏசுவார். பெரும்பாலும் குற்றம் கல்லில் இல்லை, கல்லுக்குக் கீழே இருக்கிற மண் இறுகாததில் இருக்கிறது. கழற்றித் திரும்பப் பதிக்கிற செலவு பதித்தவரின் தலையில் விழும். இரண்டு வீட்டில் இப்படி நடந்தால் மூன்றாவது வீட்டுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். ஆகவேதான் கல் பதிக்கிறவர்கள் சொந்தமாக ஒரு கொம்பெக்டர், அதாவது மண் அமுக்குகிற மெஷின், வேண்டும் என்று அலைகிறார்கள். 2022இல் ரூபா சரிந்து, டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியபோது புதிய மெஷின் விலையும் கூடவே ஏறிற்று. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 வீதமாகியது. எனவே பலர் பாவித்த மெஷின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், இப்படியொன்றை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிற ஹார்ட்வெயார் கடைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரிலேயே இரண்டு மண் இருக்கிறது. பிரதான வீதிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் மணல். மேற்கே வயற்பக்கம் களி. இப்போது வயலோரக் காணிகளை நிரப்பி வளவாக்கி வீடு கட்டுகிறார்கள், அங்கே மேலே கிறவல் கொட்டியிருந்தாலும் அடியில் களிதான். மணலும் கிறவலும் அதிர்வுக்கு இறுகும். துணுக்குகள் குலுங்கி ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று போய் உட்காரும். களி அதிர்வுக்கு இறுகாது, அதை இடித்து அமுக்க வேண்டும். அதிர்வுக்கு என்று இருப்பது பிளேட் கொம்பெக்டர், அடியில் இரும்புத் தகடு உள்ளது. இடிப்பதற்கு என்று இருப்பது ரெம்மர், தவளை போலக் குதிப்பது. ரெம்மரை முதலில் செய்தது ஜேர்மனியின் வெக்கர் கம்பனி, 1930இல், மின்சாரத்தில் ஓடுகிறதாக. கடற்கரைப் பக்கம் வேலை செய்கிற ஒருவர் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று ரெம்மர் வாங்கினால் மணல் இரண்டு பக்கமும் சிதறுமே தவிர இறுகாது. அதேபோல் களிக் காணியில் பிளேட்டை ஓட்டினால் மேலே வழுவழுப்பாக வரும், உள்ளே பஞ்சு போலவே கிடக்கும். இரண்டு பக்கமும் வேலை எடுக்கிறவர் பிளேட்டை வாங்கிக்கொண்டு, களிக் காணி வருகிற நாளில் ரெம்மரை வாடகைக்கு எடுப்பது உத்தமம்.

அடுத்தது அளவு. ஒரு டன் ரோலர் மலிவாக வருகிறதே, வாங்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டு முற்றத்துக்கு அது வேண்டாம். எங்கள் ஊர் வளவுகள் சிறியவை, மதிலோடு மதில் ஒட்டியவை. ரோலர் அதிர்கிறபோது அடுத்த வீட்டு மதில் வெடித்தால் அந்தப் பேச்சு முடிய ஒரு வருடம் செல்லும். வீட்டு வேலைக்கு 60 கிலோவிலிருந்து 90 கிலோ வரையான பிளேட் போதும். அந்த நிறையில் உள்ளது தன் அதிர்வு வேகத்தால் 10 முதல் 15 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை டன் விசையோடு மண்ணை அடிக்கும். ஆனால் அந்த விசை ஆழத்துக்குப் போகாது. ஒரு தடவையில் நாலு அங்குலப் படைதான் நன்றாக இறுகும். ஓர் அடி கிறவலை ஒரேயடியாகக் கொட்டி மேலே பத்துத் தடவை ஓட்டினாலும் கீழ்ப்பாதி அப்படியேதான் இருக்கும். கார் வருகிற முற்றத்துக்கு ஆறு அங்குல அடித்தளம் என்றால் அதை மூன்று மூன்று அங்குலமாக இரண்டு படையில் போட்டு அமுக்க வேண்டும். கல்லுக்கு நேர்கீழே போடுகிற ஓர் அங்குல மணலை மட்டும் அமுக்கக் கூடாது. அதை மட்டம் இழுத்துவிட்டுக் கல்லை வைத்து, கல்லுக்கு மேலே ரப்பர் பாய் பூட்டிய பிளேட்டை ஓட்ட வேண்டும். பிறகு நீக்கலுக்குள் மணலைக் கூட்டி நிரப்பி இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். ஓரக்கல் கட்டாத விளிம்புக்கு மூன்று அடிக்குக் கிட்டப் போகக் கூடாது, கல் வெளியே நழுவும். (அந்த மணலுக்குக் கடற்கரையில் அள்ளிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அனுமதியின்றி அள்ளுவது 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கடலரிப்பால் கரையை இழந்துகொண்டிருக்கிற ஊர் நாங்கள். உப்புக் கல்லில் வெள்ளையாகப் பூப்பதும் வேறு.)

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்த மண்ணும் இறுகாது, தண்ணீர் நிற்கிற மண்ணும் இறுகாது. நடுவே ஒரு ஈரப்பதத்தில்தான் மண் மிக நன்றாக இறுகும் என்பதை 1933இல் அமெரிக்கப் பொறியியலாளர் றல்ப் புரொக்டர் அளந்து காட்டினார். இன்றைக்கும் வீதி வேலைகளில் நடக்கிற சோதனை அவர் பெயரில்தான் இருக்கிறது. நமக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கிறவலைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். கடலோரத்தில் இதற்குமேல் ஒரு சிக்கல் உண்டு. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். அந்த நேரத்தில் பிளேட்டை ஓட்டினால் அதிர்வுக்குத் தண்ணீர் மேலே ஏறி, இறுகியிருந்ததும் சேறாகிவிடும். ஆகவே நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த மெஷின் பெரும்பாலும் மூலையில்தான் கிடக்கும். வாங்குகிறவர் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே அதற்கு வருகிறேன்.

இனி மெஷினுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு நடந்த கட்டட வேலைகளோடுதான் இந்த மெஷின்கள் இப்பக்கத்து மேசன்மாரின் கைக்கு அதிகமாக வந்தன என்பது என் ஞாபகம். இன்று பாவித்தது என்று சந்தையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று ஜப்பானில் ஓடி, அங்கிருந்து இறக்கப்பட்டவை, மிகாசா போன்ற பெயர்கள். மற்றது இங்கேயே கொந்தராத்துக்காரர்கள் வாங்கி ஓட்டி விற்பவை, இவற்றில் சீனாவில் செய்தவை அதிகம். ஜப்பான் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும், ஒரு புதுப் பெயின்ற் எத்தனை வயதை மறைக்கும் என்று.

வாங்கப் போகிற எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். கயிற்றை இழுக்கிறார்கள், ஸ்டார்ட் ஆகிறது, சத்தம் நன்றாக இருக்கிறது, விலை பேசுகிறார்கள். என்னுடைய கருத்து இதற்கு நேர்மாறானது. இந்த மெஷினில் மிகச் சுலபமாக மாற்றக்கூடிய பொருள் எஞ்சின்தான். நாலு ஆணியைக் கழற்றினால் வேறு எஞ்சின் வைக்கலாம். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 என்கிற 163 சீ.சீ. எஞ்சினும், அதைப் பார்த்துச் சீனாவில் செய்கிற எஞ்சின்களும் தண்ணீர் பம்பிலும் ஜெனரேட்டரிலும் ஓடுகிறவைதான், உதிரிப்பாகம் கல்முனையிலேயே தேடலாம். மெஷினின் உயிர் இருப்பது அடியில், தகட்டின் மேலே பூட்டியிருக்கிற அதிர்வுப் பெட்டியில். அதற்குள் ஒரு பக்கம் கனத்த அச்சு ஒன்று நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் சுற்று என்று சுற்றுகிறது. அதைத் தாங்குவது இரண்டு பெயாரிங். அது போனால், அச்சும் கூடு உட்காருகிற இடமும் தேய்ந்தால், வாங்கின விலையில் பாதி திருத்தத்துக்குப் போகும்.

அதைப் பார்க்கிற விதம் இது. முதலில் பெல்ற் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ற்றை எடுத்துவிட்டுக் கீழ்ப் புலியைக் கையால் சுற்றிப் பாருங்கள். பாரம் ஒரு பக்கம் இருப்பதால் கீழே வந்து நிற்கும், அது இயல்பு. ஆனால் மணல் அரைபடுகிற மாதிரி கையில் தட்டுப்பட்டாலோ, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருந்தாலோ பெயாரிங் முடிந்துவிட்டது. பிறகு அதிர்வுப் பெட்டியின் ஒயில் ஆணியைத் திறந்து சிறிது ஒயிலை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். வெயிலில் பிடித்தால் வெள்ளித் தூள் போல மினுங்கினால் உள்ளே இரும்பு தேய்கிறது. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கருகின மணம் வந்தால் ஒயில் குறைந்து ஓடியிருக்கிறது. சிலர் பெயாரிங் சத்தத்தை மறைப்பதற்காகத் தடித்த ஒயிலை நிரம்ப ஊற்றி வைப்பார்கள். அதிகமாக ஊற்றினாலும் பெட்டி சூடேறும், அதிர்வு மந்தமாகும். அளவு மெஷினுக்கு மெஷின் வேறுபடும், மட்ட ஆணி இருந்தால் அதுவரைதான்.

தகட்டைப் பார்க்க மெஷினைச் சாய்க்க வேண்டும். எஞ்சின் ஒயில் காற்று வடிக்குள் போகாத பக்கமாகச் சாய்த்து, அடித்தகட்டின் நடுவும் ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். மடிந்து மேலேறுகிற முன், பின் வளைவுகளில்தான் வெடிப்பு வரும். ஒட்டின அடையாளம் இருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், நல்ல தகடு மணி போல ஒலிக்கும், வெடித்தது சப்பென்று கேட்கும். ஒட்டின தகட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலையில் அது தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எஞ்சின் இருக்கிற மேல்தட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே நாலு ரப்பர் இருக்கும். அது வெடித்துப் பிளந்திருந்தால் அதிர்வு மண்ணுக்குப் போகாமல் எஞ்சினுக்கும் ஓட்டுகிறவரின் கைக்கும் வரும். அப்படியான மெஷினைப் பல வருடம் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகிற நோய் வருகிறது. ரப்பர் பெரிய விலையில்லை, பூட்டிவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதில் இன்னொரு விஷயம். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆகி மெல்ல ஓடுகிறபோது தகடு அசையாமல் நிற்க வேண்டும், அப்போதே அதிர்ந்து நகர்ந்தால் கிளச் ஸ்பிரிங் போய்விட்டது. விற்கிறவர் சீமெந்து நிலத்தில் ஓட்டிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீமெந்தில் எந்த மெஷினும் துள்ளும், நல்லது கெட்டது தெரியாது, தகட்டுக்கும் கேடு. மண்ணில் போட்டு முழு வேகத்தில் கால் மணித்தியாலம் ஓட்டச் சொல்லுங்கள். தானாக முன்னே போக வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் தகடு வளைந்திருக்கும், அல்லது ரப்பர் ஒன்று தளர்ந்திருக்கும். ஓட்டி முடித்ததும் அதிர்வுப் பெட்டிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். சூடு இருக்கும், ஆனால் ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சுரீரென்று பொரிந்து ஆவியாகிற சூடு இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் சம்மதிக்காதவரிடம் வாங்க என்ன இருக்கிறது? நம்மவராக இருந்தால் குறை என்னவென்று நேராகவே கேளுங்கள். குறையைச் சொல்லி விற்பது வியாபாரிக்குக் கடமை, வாங்குகிறவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ரெம்மர் வாங்குகிறவர்கள் மடிப்பு மடிப்பாக இருக்கிற ரப்பர் உறையை விரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மடிப்பில் வெடிப்பு இருந்தாலும் உள்ளே மணல் போயிருக்கும். பழைய ரெம்மர்களில் சில பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுபவை, எது என்று கேட்காமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

எஞ்சின் ஹொண்டா என்று சொன்னால் மேலே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாமல், எஞ்சினின் உடலில் பொறித்திருக்கிற தொடர் இலக்கத்தைத் தேடுங்கள். சீன எஞ்சின் கூடாது என்பதல்ல, நன்றாக ஓடுகிறவை பல உண்டு. ஆனால் சீன எஞ்சினுக்கு ஹொண்டா விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இலக்கம் வேறொன்றுக்கும் தேவை. வாகனத்துக்கு இருப்பது போல இந்த மெஷினுக்குப் பதிவுப் புத்தகம் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவருடையது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். வேலைத்தளத்தில் இரவில் காணாமற்போகிற சாமான்களில் இதுவும் ஒன்று. முன்பு வாங்கின பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மெஷினின் இலக்கம், எஞ்சின் இலக்கம், விலை, திகதி, விற்கிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி, இரண்டு சாட்சியோடு கையொப்பம் எடுங்கள். தகடு சுரண்டி இலக்கம் அழிந்த மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். பிறகு பொலிஸில் போய் நிற்பது வாங்கினவர்தான்.

இனிக் கணக்கு. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம், அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். பாவித்த மெஷின் 180,000 ரூபா, ஒரு நாள் வாடகை 4,000 ரூபா. ஒரு முற்றத்துக்கு அடித்தளம் அமுக்க ஒரு நாள், கல் பதித்தபின் ஒரு நாள், ஆக இரண்டு நாள். மாதம் இரண்டு முற்றம் கிடைக்கிறவர் வாடகையாகக் கொடுப்பது 16,000 ரூபா. மாரி மாதங்களையும் வேறு தடங்கல்களையும் கழித்து வருடத்துக்கு எட்டு மாதம் வேலை என்றால் 128,000 ரூபா. சொந்த மெஷினுக்கு ஒயில், பெல்ற், ரப்பர், பெயாரிங் என்று வருடம் 40,000 ஒதுக்கினால் மிச்சம் 88,000. இரண்டு வருடத்தில் விலை திரும்பும், அது நியாயமான கொள்முதல். மாதம் ஒரே முற்றம்தான் கிடைக்கிறது என்றால் வருட வாடகை 64,000. திருத்தத்துக்கு 25,000 போனால் மிச்சம் 39,000. விலை திரும்ப நாலரை வருடத்துக்கு மேல் செல்லும். ஏற்கெனவே பாவித்த மெஷின் அதுவரை பெரிய திருத்தமில்லாமல் நிற்குமா என்பது சந்தேகம். அவர் வாடகைக்கு எடுப்பதே நல்லது. ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் வராது. பெருநாளுக்கு முந்திய இரண்டு கிழமையும் வாடகை மெஷின் எல்லாம் வெளியே போயிருக்கும், மூன்று பேருடைய நாட்கூலி சும்மா போகும். அந்த நட்டம் அடிக்கடி வருகிறவர் அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

இரண்டு, மூன்று மேசன்மார் பங்காக வாங்குவதையும் காண்கிறேன். நல்ல யோசனைதான், ஆனால் ஒயில் மாற்றுகிறவர் யார், இருவருக்கும் ஒரே நாளில் தேவை வந்தால் யாருக்கு முதல், ஒருவர் விலகினால் எந்த விலைக்கு என்பதை எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள்.

கடைக்காரர்களுக்கு: வாடகைக்கு விடுவதாக இருந்தால் மெஷினைத் தனியே அனுப்பாதீர்கள், ஓட்டத் தெரிந்த ஒரு ஆளோடு அனுப்புங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று அரை வேகத்தில் ஓட்டுவார்கள், கிளச் வழுக்கித் தேயும். சீமெந்துத் தளத்தின் மேலேயே இழுத்துப் போவார்கள். ஒயிலைப் பார்க்க மாட்டார்கள், இந்தச் சிறிய எஞ்சின் கொள்வதே அரை லீற்றருக்குச் சற்று மேல்தான், சிறிது குறைந்தாலும் அடிபடும். காற்று வடியைத் தினமும் தட்டித் துப்புரவாக்க வேண்டும், கல்தூளில் ஓடுகிற மெஷின் வேறு எதனாலும் இவ்வளவு சீக்கிரம் சாகாது. ஆளோடு அனுப்பினால் நாட்கூலியையும் வாடகையில் சேர்த்து வாங்கலாம், கேட்கிறவர்களும் மறுக்க மாட்டார்கள்.

ஒக்டோபர் முடிகிறபோது மெஷினை ஒதுக்கி வைக்கிறவர்கள் டாங்கியிலும் காபுரேற்றரிலும் உள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள், மூன்று மாதம் கிடந்தால் பிசினாகி அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுக் கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். தகட்டைக் கழுவி, உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் பழைய ஒயில் பூசி, நிலத்தில் வைக்காமல் இரண்டு பலகைக்கு மேல் வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்ற வேண்டாம், உள்ளே வியர்க்கும். ஒரு சாக்கைப் போட்டு மூடினால் போதும்.